பதினான்கும் நாற்பதும்

லியோன் சாருடைய போன் வந்தபோது சுகுணா தலை வாரிக்கொண்டிருந்தாள். மணி ஏழு இருபது. அந்த நேரத்தில் அவர் யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"சுகுணா, எங்க இருக்க?"

"வூட்லதான் சார். எட்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டிருக்கேன்."

"பொம்மிடியிலயே இருக்கதானே? நான் சொல்றத நிதானமாக் கேளு. பதினாலுன்னு சொல்ல வேண்டிய எடத்துல இன்னைக்கி நாப்பதுன்னு சொல்லியிருக்கு."

சீப்பு தலையிலேயே நின்றது. அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சீப்பைக் கீழே போட்டாள்.

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய டயர் கடைக்கு மாடியில் லியோன் மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் பயிற்சி நிறுவனத்துக்குக் 'கோட் பட்டறை' என்று பெயர். பெங்களூரில் பதினோரு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்துவது அவருக்குப் பிடிக்காது. முதல் மாதத்திலிருந்தே பிள்ளைகள் உண்மையான வேலையைத் தொட வேண்டும், உண்மையான மனிதர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பார். இந்த முறை சேர்ந்திருந்த எட்டுப் பேருக்கும் அவர் பிடித்துக் கொடுத்த வேலை, பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த ஒரு சின்ன சர்க்கரை நோய் மருத்துவமனையுடையது. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகள் அறுபத்திரண்டு பேருக்குத் தினமும் காலை ஆறரை மணிக்குக் கணினியிலிருந்து போன் போகும். "இன்றைக்கு இன்சுலின் இத்தனை யூனிட். புரிந்தால் ஒன்றை அழுத்துங்கள். மறுபடி கேட்க இரண்டை அழுத்துங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். வாரா வாரம் மருத்துவமனை அளவை மாற்றினால் குரலும் மாற்றிச் சொல்லும்.

அன்று காலையிலிருந்து அது சுகுணாவின் குரல்.

பழைய பதிவில் லாரி ஹாரன் சத்தம் கலந்திருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை என்று நோயாளிகள் சொன்னதால் முந்தின சனிக்கிழமை புதிதாகப் பதிவு செய்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி சுகுணா உள்ளறையில் உட்கார்ந்தாள். லியோன் வெளியறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, நோயாளிகள் பட்டியலில் இருந்த அளவுகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு பதிவுக்கும் தான் சொன்ன எண்ணையே பெயராக வைத்துச் சேமித்துக்கொண்டே போனார். இப்போது அவளுக்கு அது நன்றாக நினைவு வந்தது. கீழே ஒரு லாரி பிரேக் அடித்த நேரம். அவர் 'ஃபோர்ட்டீன்' என்றிருக்கிறார். அவள் காதில் 'ஃபார்ட்டி' என்று விழுந்தது.

அது மட்டும் என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பதிவான இருபத்தெட்டுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, பெயரோடு ஒப்பிட்டு, சரி என்று குறித்து அனுப்ப வேண்டியது அவளுடைய வேலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சித்தி பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்பது துண்டுகளைக் கேட்டாள். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். மிச்சம் இருந்த பத்தொன்பதுக்கும் கேட்காமலே குறி போட்டு அனுப்பிவிட்டாள்.

"பதினாலு யூனிட் போடறவங்க மொத்தம் அஞ்சு பேரு" என்று லியோன் சொன்னார். அவர் குரல் வறண்டிருந்தது. "கிருஷ்ணப்பன்னு ஒருத்தரு ஆஸ்பத்திரிக்கி போன் பண்ணி, டாக்டர் அளவ மாத்திட்டாரான்னு கேட்டிருக்காரு. அதனாலதான் தெரிஞ்சது. ரெண்டு பேரு இன்னும் ஊசி போடல. ஒருத்தரு போட்டுட்டாரு, ஆனா பக்கத்துலயே வூடு, ஆஸ்பத்திரிக்கி வந்துட்டாரு. அஞ்சாவது ஆளு போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

"யாரு சார்?"

"தீர்த்தம்மாள். நாப்பத்தாறு வயசு. சித்தேரி மலையடிவாரத்துல வூடு. ஆறரைக்குப் போன நம்ம போன எடுத்திருக்காங்க சுகுணா. ரெண்டு தடவ கேட்டிருக்காங்க. அப்புறம் ஒண்ண அழுத்தியிருக்காங்க."

சுகுணா துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டாள்.

"நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. வண்டி அரூர் பக்கம் ஒரு கேசுல இருக்காம், வர நேரமாகும். ஆஸ்பத்திரியில சிஸ்டர் ஒருத்தங்கதான் இருக்காங்க, நோயாளிய விட்டுட்டு வர முடியாது. நான் இங்கருந்து கெளம்பிட்டேன், ஆனா ஒரு மணி நேரம் ஆயிரும். இருக்கறவங்கள்ல நீதான் கிட்ட இருக்க."

அவள் அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். சமையலறைக்குள் போய், சர்க்கரை டப்பாவை அப்படியே தண்ணீர் பாட்டிலுக்குள் கவிழ்த்தாள். பாதி தரையில் கொட்டியது.

"என்னடி பண்ற?" என்று அம்மா கேட்டாள்.

"ஒருத்தங்களுக்கு ஒடம்பு முடியலம்மா." டப்பாவில் மிஞ்சிய சர்க்கரையை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள். அம்மா அடுத்துக் கேட்பதற்குள் வண்டியை வெளியே தள்ளினாள்.

வழியெல்லாம் போனைக் காதோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். மருத்துவமனை நர்ஸ் அருள்ராணி பேசிக்கொண்டே வந்தாள். சுகுணா அவளை நேரில் பார்த்ததில்லை, பட்டறைக்குப் போனில் விவரம் சொல்கிற குரலாக மட்டுமே அவளைத் தெரியும்.

"அந்தம்மா ஆறே முக்காலுக்குப் போட்டிருப்பாங்க. ஒரு சிரிஞ்சு முழுக்க ஏத்துனாத்தான் நாப்பது வரும். அவங்க ஒடம்புக்கு அது ரொம்ப அதிகம். எட்டு மணிக்கெல்லாம் சர்க்கரை எறங்க ஆரம்பிச்சிரும். நெனவோட இருந்தா சர்க்கரைத் தண்ணி குடிக்க வைங்க. மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக் கொழாயில போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, சர்க்கரைய ஈரம் பண்ணி கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்க. கேக்குதா?"

"கேக்குதுங்க."

"நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க."

சுகுணா சொன்னாள். நடுவில் ஒருக்களித்துப் படுக்க வைப்பதை விட்டுவிட்டாள். அருள்ராணி மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் பள்ளிப் பேருந்துகள் வழியை அடைத்து நின்றன. சைக்கிள்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அவள் வண்டியைச் செருகினாள். யாரோ திட்டினார்கள். ஒரு சிரிஞ்சு முழுக்க என்ற சொல் அவளை விட்டுப் போகவில்லை. எதற்கு இவ்வளவு என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கும். அதனால்தான் இரண்டாம் முறை கேட்டிருக்கிறாள். இரண்டாம் முறையும் தன் குரல்தான் தயங்காமல் நாற்பது என்று சொல்லியிருக்கிறது.

மலையடிவாரத்து ஊரை அவள் அடைந்தபோது ஏழு ஐம்பத்தைந்து. மாந்தோப்பை ஒட்டிய கடைசி வீடு என்று பட்டியலில் இருந்தது. ஷீட் போட்ட சின்ன வீடு. கதவில் பூட்டு தொங்கியது. அவள் தீர்த்தம்மாளின் எண்ணை அழுத்தினாள். பூட்டிய வீட்டுக்குள்ளே போன் அடித்தது. அது அடித்து ஓயும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

பக்கத்து வீட்டில் ஓர் ஆள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"தீர்த்தம்மாளா? வேலைக்கிப் போயிட்டாளே. அர்ச்சுனன் காட்டுல கெழங்கு புடுங்கறாங்க. லோடு ஆட்டோ வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு."

"எப்பங்க போனாங்க? சாப்பிட்டாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏழு மணி இருக்கும். நீ யாரும்மா?"

அவள் வழி கேட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். ஏரிக்கரையைச் சுற்றி மண்பாதை. உழைத்தால் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும் என்று மறுபடி கூப்பிட்ட அருள்ராணி சொன்னாள். பிறகு அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

மண்பாதையில் வண்டி ஒரு முறை சறுக்கி அவள் முழங்கால் உராய்ந்தது. நிமிர்த்தி மறுபடி ஏறினாள். அந்த அம்மா செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் அப்போதுதான் முழுதாக வந்தது. ஓடிப்போய்விடலாம் என்றும் தோன்றியது. தான் இங்கே வந்ததை நேரில் பார்த்தது அந்தப் பக்கத்து வீட்டு ஆள் மட்டும்தான். வண்டி மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மரவள்ளிக் காட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் லோடு ஆட்டோ நின்றது. சுகுணா வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"தீர்த்தம்மா யாருங்க? தீர்த்தம்மா எங்க?"

தலையில் துண்டு கட்டிய பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். அவள் பெயர் முனியம்மாள் என்று பிறகு தெரிந்தது. "இப்பத்தான் கண்ணு, தலை கிறுகிறுன்னு வருதுன்னா. சித்த ஒக்காந்துட்டு வரேன்னு அந்தப் பக்கம் போனா. ஏன்?"

ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற செடிகளுக்குள் இருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நுழைந்தார்கள். பதில் இல்லை. எல்லா வரிசையும் ஒன்று போலவே இருந்தது. நான்காவது வரிசையில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது.

தீர்த்தம்மாள் வரப்போரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண். சேலை தண்ணீரில் நனைத்ததுபோல வியர்வையில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கை மண்ணை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தது.

"ஆட்டப் புடிச்சிக் கட்டு" என்றாள் யாருக்கோ. "கட்டுடி. போவுது பாரு."

"என்னடி பேசற? இங்க ஏதுடி ஆடு?" முனியம்மாள் பயந்துபோய்ப் பின்வாங்கினாள்.

சுகுணா மண்டியிட்டு பாட்டிலை அவள் வாயருகே கொண்டுபோனாள். "குடிங்கக்கா. கொஞ்சம் குடிங்க."

தீர்த்தம்மாள் கையை வீசினாள். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பாட்டில் சாய்ந்து கால் பங்கு மண்ணில் கொட்டியது.

"அவங்க தோள்பட்டையப் புடிச்சிக்கங்க. சர்க்கரை எறங்கிப்போச்சு. அதனாலதான் இப்படிப் பண்றாங்க. புடிங்க ஆத்தா."

முனியம்மாள் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தாள். முதல் வாயைத் தீர்த்தம்மாள் சுகுணாவின் முகத்திலேயே துப்பினாள். இரண்டாவதில் கொஞ்சம் உள்ளே போனது. மூன்று மடக்கு, நான்கு மடக்கு. பிறகு தலை ஒரு பக்கம் தொங்கியது. கண்கள் மேலே செருகின.

"போயிட்டாளா?" என்றாள் முனியம்மாள் மெதுவாக.

சுகுணா பாட்டிலை எடுத்துவிட்டாள். மூக்கருகே விரலை வைத்தாள். காற்று வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தாளில் இருந்த சர்க்கரையை ஈரமாக்கிக் கன்னத்தின் உள்ளே விரலால் தடவினாள். பல் இறுகி அவள் விரலைக் கடித்தது. அவள் எடுக்கவில்லை, தடவிக்கொண்டே இருந்தாள்.

லோடு ஆட்டோக்காரர் கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு, வெற்றுச் சாக்குகளை விரித்தார். நான்கு பெண்கள் தூக்கி ஏற்றினார்கள். சுகுணா பின்னால் உட்கார்ந்து தீர்த்தம்மாளின் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியிலும் அந்தத் தலை துவண்டு ஆடியது. ஏரிக்கரை ஏறியதும் போனில் சிக்னல் வந்தது. ஆம்புலன்ஸ்காரர் ஏழு முறை கூப்பிட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, தார்ச்சாலை பிரிகிற இடத்தில் நிற்கச் சொன்னாள்.

ஆம்புலன்ஸில் விரல் நுனியில் குத்திப் பார்த்த பெண், "சர்க்கரை இருபத்தெட்டுதான்" என்றாள். உடனே நரம்பைத் தேடினாள். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. சுகுணா தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள், எதை எண்ணுகிறோம் என்றே தெரியாமல். மூன்றாம் முறை ஊசி ஏறியது. குளுக்கோஸ் இறங்கத் தொடங்கியது.

வண்டி பாப்பிரெட்டிப்பட்டி அரசு மருத்துவமனைக்குள் திரும்பும்போது தீர்த்தம்மாள் கண்ணைத் திறந்து, "எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் பெண் சிரித்தாள். சுகுணாவுக்கு அழுகைகூட வரவில்லை.

ஆனால் பயம் அதோடு போகவில்லை, வேறு மாதிரி வந்தது. லியோன் போனில் கூப்பிட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் நீளமாக மூச்சு விட்டார். பிறகு சொன்னார்:

"சுகுணா, நான் வர்ற வரைக்கும் அங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லாத. என்ன ஏதுன்னு நான் பேசிக்கறேன். கேஸ் கீஸுன்னு ஆச்சுன்னா எட்டுப் பேரு வாழ்க்கையும் போயிரும். உன்னுதும்தான்."

"சரிங்க சார்" என்றாள்.

பத்து மணிக்குத் தீர்த்தம்மாளின் மகள் வந்தாள். வெண்மதி, தருமபுரியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறவள். முனியம்மாள் சொல்லியனுப்பி, கிடைத்த பஸ்ஸில் ஓடி வந்திருந்தாள். அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுகுணாவிடம் வந்தாள்.

"நீங்கதான் கொண்டு வந்தீங்களாமே. ரொம்ப நன்றிங்கக்கா. எங்கம்மா ஒரு நாளும் அளவு தப்ப மாட்டாங்க. நான் வூட்ல இல்லாததால இப்படி ஆயிருச்சு."

படுக்கையிலிருந்து தீர்த்தம்மாள் தலையைத் திருப்பினாள். "நான் ஒண்ணும் தப்பாப் போடல. போன்ல நாப்பதுன்னு சொல்லுச்சு. சந்தேகமாத்தான் இருந்துச்சு, மறுக்காக் கேட்டேன். அப்பவும் அதேதான் சொல்லுச்சு."

"ஒனக்குக் காது சரியாக் கேட்டிருக்காதும்மா."

தீர்த்தம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு, தனக்கே நிச்சயமில்லாதவள்போல, "இருக்கும்" என்றாள்.

சுகுணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பெண் தப்பாகக் கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். மகளே அதை நம்புகிறாள். இனி அந்த அம்மா தன் காதையே நம்ப மாட்டாள்.

"அவங்க சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றாள் சுகுணா. "போன்ல நாப்பதுன்னுதான் வந்துச்சு. அது என் குரலு. நான்தான் தப்பாச் சொன்னேன். கேட்டுச் சரிபாக்க வேண்டியதும் நான்தான். பாக்காமயே பாத்துட்டேன்னு அனுப்பிட்டேன்."

வெண்மதி அம்மாவின் கையில் ஏறிய குளுக்கோஸ் குழாயை நேராக்கினாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று சுகுணா காத்திருந்தாள்.

"எங்கப்பா இல்ல" என்றாள் வெண்மதி கடைசியில். குரல் தாழ்ந்தே இருந்தது. "எனக்கு இவங்க மட்டுந்தான். அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"ஒரு பேரு, ஒரு நம்பரு. அவ்ளோதான் தெரியும் ஒங்களுக்கு." அவள் அம்மாவின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற நான்கு பேரையும் முதலில் பார்த்துவிட்டு லியோன் வந்தபோது சர்க்கரை நோய் மருத்துவமனை டாக்டரும் கூடவே வந்தார். சுகுணா சொல்லிவிட்டாள் என்று வெண்மதியின் முகத்தைப் பார்த்ததுமே லியோனுக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு டாக்டரின் முன்னிலையிலேயே வெண்மதியிடம், "அந்தப் பதிவுக்குப் பேரு வெச்சது நான்மா. என்ன சொல்றாங்கன்னு கவனிக்காமயே வெச்சேன். பயிற்சிப் புள்ளைங்க வேலைய நான் மறுபடி பாத்திருக்கணும், பாக்கல. நீங்க போலீசுக்குப் போறதா இருந்தா என் பேரக் குடுங்க, இவ பேர வேண்டாம்" என்றார்.

"நான் யோசிக்கறேன்" என்றாள் வெண்மதி. அவள் அதன் பிறகு அவர்களோடு பேசவே இல்லை.

டாக்டர் அன்றைக்கே தானியங்கி அழைப்பை நிறுத்தினார். தீர்த்தம்மாளை இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அறுபத்திரண்டு பேரின் வீட்டுக்கும் நடந்ததை லியோனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். லியோன் மரத்தடியில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினார். சிலர் திட்டியது தள்ளி நின்ற சுகுணாவுக்கே கேட்டது.

மாலையில் முனியம்மாளின் மகன் ஸ்கூட்டரை ஓட்டிவந்து கொடுத்துவிட்டுப் போனான். சாவியைப் போட்டு முறுக்கச் சுகுணாவால் முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. கடிபட்ட விரல் கன்றியிருந்தது. பணி முடிந்து தீர்த்தம்மாளைப் பார்க்க வந்த அருள்ராணி வீங்கிய முழங்காலையும் ஸ்கூட்டரையும் பார்த்து அவளை அடையாளம் கண்டு, சாவியை வாங்கிக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும், போனில் கேட்ட அதே குரல். "பின்னாடி ஒக்காரு. நான் பொம்மிடியிலருந்து பஸ்ஸுல வந்துக்கறேன்."

ஊரைத் தாண்டிப் பொம்மிடி சாலையில் ஏறினார்கள்.

"நாளைக்கி ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கி வந்துரு" என்றாள் அருள்ராணி.

"நானா? எதுக்குங்க?"

"மெஷின் நின்னு போச்சு. அறுபத்திரண்டு பேருக்கும் ஆளுதான் போன் பண்ணணும். ஒருத்தியால முடியாது."

"எனக்குப் பயமா இருக்குங்க. எண்ணச் சொல்லவே இனி வாய் வராது."

"பயந்துக்கிட்டே சொல்லு. நீ சொன்னத அவங்க திருப்பிச் சொல்ற வரைக்கும் போன வெக்காத."

மறுநாள் காலை சர்க்கரை நோய் மருத்துவமனையின் மருந்து அறையில் சுகுணா பட்டியலோடு உட்கார்ந்தாள். அருள்ராணி எதிரே உட்கார்ந்து தன் பங்கைத் தொடங்கியிருந்தாள். பட்டியலில் தீர்த்தம்மாளின் பெயர் மேல் ஒரு கோடு. அந்தம்மாவுக்கு இனி யாரும் போன் செய்ய வேண்டாம் என்று வெண்மதி சொல்லியனுப்பியிருந்தாள். போலீசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்வாளா, மாட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

சுகுணா முதல் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு கிழவரின் இருமல் கேட்டது.

"சொல்லும்மா" என்றார் அவர்.

அவள் தாளில் இருந்த எண்ணை விரலால் தொட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தாள். பிறகு வாய் திறந்தாள்.